கிளாமத் பாசன வழக்கு: தண்ணீரில் உரிமை இருந்தும் இழப்பீடு ஏன் கிடைக்கவில்லை?

2001 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் ரெக்ளமேஷன் பணியகம் (கூட்டாட்சி அரசின் பாசனத் திட்டங்களை நடத்தும் துறை) ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒரிகன் மாநிலத்தின் தெற்குப் பகுதியிலும் கலிபோர்னியாவின் வட எல்லையிலும் பரந்திருக்கிறது கிளாமத் பாசனத் திட்டம். அதில் மேல் கிளாமத் ஏரியை நம்பியிருக்கும் பெரும்பாலான நிலங்களுக்கு அந்த ஆண்டு தண்ணீர் கிடையாது என்றது அறிவிப்பு. சுமார் 1,400 பண்ணைகள், இரண்டு லட்சம் ஏக்கர் அளவுக்கு ஆயக்கட்டு. உருளைக்கிழங்கு, வெங்காயம், தானியம், மாட்டுக்கான அல்ஃபால்ஃபா தீவனம் என்று விவசாயிகள் பருவத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. 1907-ல் திட்டத்தின் முக்கிய வாய்க்காலான ஏ-கால்வாயில் முதன்முதலாகத் தண்ணீர் ஓடியதிலிருந்து இப்படி மொத்தமாக நிறுத்தியதே இல்லை.

அந்த ஒரு பருவத்து இழப்புக்காகத் தொடங்கிய வழக்கு 2020 ஜூனில்தான் முடிந்தது. விவசாயிகள் ஒரு செண்டு கூடப் பெறவில்லை. இடையில் அவர்கள் முக்கியமான சட்டக் கேள்விகளில் வென்றார்கள் என்பதுதான் இந்த வழக்கை ஊன்றிப் படிக்க வைக்கிறது. தண்ணீரில் தங்களுக்குச் சொத்துரிமை இருக்க முடியும் என்று மாநில உச்ச நீதிமன்றத்தையே சொல்ல வைத்தார்கள். அதைப் பறித்தால் நிலத்தைப் பறித்ததற்குச் சமம் என்றும் ஒரு நீதிபதியை ஏற்கச் செய்தார்கள். அப்புறமும் தோற்றார்கள்.

தண்ணீர் ஏன் நின்றது?

2001 கடும் வறட்சி ஆண்டு. அதோடு மூன்று மீன்களின் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. மேல் கிளாமத் ஏரியில் வாழும் லாஸ்ட் ரிவர் சக்கர், ஷார்ட்நோஸ் சக்கர் என்ற இரண்டு இனங்கள் 1988-லேயே அழிவின் விளிம்பில் இருப்பவை என்று பட்டியலிடப்பட்டவை. ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு வரும் கோஹோ சால்மன் 1997-ல் பட்டியலில் ஏறியது. அருகிவரும் உயிரினங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, எந்தக் கூட்டாட்சித் துறையும் தன் நடவடிக்கையால் இந்த இனங்கள் அழிந்துபோகும் நிலையை உண்டாக்கக் கூடாது. சக்கர் மீனுக்காக ஏரியில் ஒரு குறைந்தபட்ச மட்டம், சால்மனுக்காக ஆற்றில் ஒரு குறைந்தபட்ச ஓட்டம் என்று இரண்டு நிபுணத்துவ அறிக்கைகள் வந்தன. இரண்டையும் நிறைவேற்றினால் வாய்க்காலுக்கு ஏதும் மிஞ்சாது.

கிழக்குப் பக்கத்தில் கிளியர் லேக், கெர்பர் நீர்த்தேக்கங்களை நம்பியிருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடைத்தது. மற்றவர்கள் உடனே நீதிமன்றம் போனார்கள். தண்ணீர் விடச் சொல்லும் இடைக்கால உத்தரவு தர ஒரிகன் மாவட்டக் கூட்டாட்சி நீதிபதி ஆன் ஐக்கன் ஏப்ரல் 30 அன்று மறுத்துவிட்டார். மே மாதம் கிளாமத் ஃபால்ஸ் நகரில் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக நின்று ஏரித் தண்ணீரை வாளி வாளியாகக் கைமாற்றி வாய்க்காலில் ஊற்றிப் போராடினார்கள். ஜூலையில் சிலர் ஏ-கால்வாயின் தலைமதகை வலுக்கட்டாயமாகத் திறந்துவிட, கூட்டாட்சிக் காவலர்களை அங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. ஜூலை இறுதியில் உள்நாட்டுத் துறைச் செயலர் கேல் நார்ட்டன் 70,000 ஏக்கர்-அடி அளவுக்குத் தண்ணீர் விடச் சொன்னார். (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி.) பருவத்தின் பெரும்பகுதி போன பிறகு வந்த தண்ணீர் பெரும்பாலான பயிருக்கு உதவவில்லை. அக்டோபரில் பாசன மாவட்டங்களும் சில நில உடைமையாளர்களும் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைகோரல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார்கள்.

யாரிடம் யார் ஒப்பந்தம் போட்டது?

இந்த மாதிரி வழக்குகளில் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான். 1902-ன் ரெக்ளமேஷன் சட்டப்படி கூட்டாட்சி அரசு அணையும் வாய்க்காலும் கட்டும். பயன்பெறும் விவசாயிகள் அந்தச் செலவைத் தவணையாகத் திருப்பிக் கட்டுவார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு நிலக்காரரும் தனித்தனியாக அரசிடம் விண்ணப்பம் கொடுத்து ஒப்பந்தம் செய்தார்கள். பிறகு பாசன மாவட்டங்கள் வந்தன. பாசன மாவட்டம் என்பது நில உடைமையாளர்களே வாரியத்தைத் தேர்ந்தெடுத்து, நிலத்தின் மேல் கட்டணம் விதித்து, வாய்க்கால்களை நடத்தும் சட்டபூர்வ அமைப்பு. அரசோடு கையெழுத்திட்டது மாவட்டம்; கடனைக் கட்டியது நிலக்காரர்; தண்ணீர் பாய்ந்தது நிலக்காரரின் வயலில்.

சரி, தண்ணீர் வராவிட்டால் அரசின் மேல் யார் வழக்குப் போடலாம்? கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் இருக்கும் வெஸ்ட்லேண்ட்ஸ் மாவட்டத்தின் அனுபவம் விவசாயிகளுக்குக் கசப்பானது. 1993-ல் அந்த மாவட்டத்துக்கான தண்ணீரைப் பணியகம் பாதியாக வெட்டியது. மாவட்டமும் விவசாயிகளும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள், நடுவில் மாவட்டம் விலகிக்கொண்டது, விவசாயிகள் தொடர்ந்தார்கள். 2005 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: அவர்கள் சுட்டிய சட்டப்பிரிவு, மாவட்டத்தின் ஒப்பந்தத்தை வைத்துத் தனி விவசாயி நேரடியாக அரசின் மேல் வழக்குத் தொடுக்க இடம் தரவில்லை. கிளாமத்திலும் இதற்கு முன்னோட்டம் உண்டு. ஏரியின் வாசலில் இருக்கும் லிங்க் ரிவர் அணையை இயக்குவது பற்றி 1956-ல் அரசும் ஒரு மின் நிறுவனமும் செய்த ஒப்பந்தத்தில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று பாசனதாரர்கள் வாதாடினார்கள். தண்ணீர் அவர்களுக்குப் பயன்படலாம், ஆனால் அந்த ஒப்பந்தத்தை அமல்படுத்தக் கேட்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது என்று ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-ல் தீர்ப்பளித்தது.

ஆகவே ஒப்பந்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போவது ஆபத்து என்று கிளாமத் விவசாயிகளின் வழக்கறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் முதன்மையாக வைத்தது அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம்: தனியார் சொத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும். ஒப்பந்த மீறல் என்ற கோரிக்கை அதற்குத் துணையாக வந்தது.

இரண்டு கதவும் மூடியது

2005-ல் உரிமைகோரல் நீதிமன்ற நீதிபதி ஃபிரான்சிஸ் அலெக்ரா கொடுத்த தீர்ப்பு விவசாயிகளின் தலையில் இடியாக விழுந்தது. 1905-ல் ஒரிகன் மாநிலம் இயற்றிய சட்டப்படி, கிளாமத் படுகையில் யாருக்கும் ஒதுக்கப்படாமல் இருந்த தண்ணீரை எல்லாம் கூட்டாட்சி அரசு தன் திட்டத்துக்காக எடுத்துக்கொள்வதாக அறிவித்திருந்தது. எனவே உரிமை அரசுடையது. விவசாயிகளிடம் இருப்பது ஒப்பந்தத்தால் வந்த பாத்தியதை மட்டுமே. அதற்குப் பாதிப்பு வந்தால் சொத்துப் பறிப்பு என்று கேட்க முடியாது, ஒப்பந்த மீறல் என்றுதான் கேட்க வேண்டும் என்றார் அவர்.

சரி, ஒப்பந்த மீறல் என்றே கேட்டார்கள். 2007-ல் அதே நீதிபதி அதையும் தள்ளினார். அருகிவரும் உயிரினச் சட்டம் எல்லோருக்கும் பொதுவான சட்டம். அரசு இறையாண்மை அதிகாரத்தில் பொதுநலனுக்காகச் செய்த செயலால் அதன் ஒப்பந்தக் கடமை தடைபட்டால், ஒப்பந்தக்காரர் என்ற முறையில் அரசு நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை என்ற கோட்பாட்டை அவர் பயன்படுத்தினார்.

இரண்டு தீர்ப்பையும் சேர்த்து வாசித்தால் கிடைக்கும் விளைவு எனக்கு ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை. சொத்து என்று வந்தால் அது வெறும் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்று வந்தால் அரசு இறையாண்மை கொண்டது. நூறாண்டுகளாகத் திட்டச் செலவைக் கட்டிய குடும்பங்களிடம் எந்தப் பெயரிலும் எதுவுமே இல்லை என்றாகிறது. இரண்டு உலகப் போர்களில் இருந்தும் திரும்பிய வீரர்களுக்கு வறண்ட ஏரிப்படுகை நிலத்தைக் கொடுத்து, வாருங்கள், பாசனம் உண்டு என்று அழைத்ததும் இதே அரசுதான்.

இதைவிட வினோதம், கலிபோர்னியாவில் வேறொரு பாசன வழக்கு நேர் எதிராகப் போனது. நீதிபதி ஐக்கன் கிளாமத் விவசாயிகளுக்கு உத்தரவு தர மறுத்த அதே 2001 ஏப்ரல் 30 அன்று, உரிமைகோரல் நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி, துலாரே ஏரிப் படுகையின் நீர் மாவட்டங்களுக்கு மீனுக்காகத் தண்ணீரைக் குறைத்தது சொத்துப் பறிப்பு என்று தீர்ப்பு எழுதினார். அரசு பிற்பாடு 1.67 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அலெக்ரா அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தை ஏற்கவில்லை. ஒரே நீதிமன்றம், ஒரே சட்டம், இரண்டு முடிவு.

ஒரிகன் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்

மேல்முறையீட்டை விசாரித்த ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் 2008-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. சொத்து என்றால் என்ன என்பதை முடிவு செய்வது மாநிலச் சட்டம். ஆகவே மூன்று கேள்விகளை எழுதி ஒரிகன் உச்ச நீதிமன்றத்துக்கே அனுப்பியது. 2010 மார்ச்சில் பதில் வந்தது. 1905 சட்டம் விவசாயிகளின் உரிமைக்குக் குறுக்கே நிற்கவில்லை என்றது அந்த நீதிமன்றம். பெயரளவில் உரிமை அரசிடம் இருந்தாலும், தண்ணீரைப் பயனுள்ள முறையில் வயலில் பாய்ச்சியவருக்கு நிலத்தோடு ஒட்டிய பயனுரிமை உருவாக முடியும். அது உருவாயிற்றா என்று பார்க்க மூன்று விஷயங்களைக் கவனிக்கச் சொன்னது: தண்ணீர் அந்த நிலத்தில் உண்மையாகப் பயன்பட்டதா, அரசு அதைப் பெற்றது நிலக்காரரின் நன்மைக்காகவா, இருவருக்கும் இடையிலான ஒப்பந்தங்கள் இந்த உறவை மாற்றினவா.

இதில் புதுமை அதிகம் இல்லை. ரெக்ளமேஷன் சட்டத்தின் எட்டாவது பிரிவே, தண்ணீர் உரிமை பாசனம் பெறும் நிலத்தோடு ஒட்டியது, பயனுள்ள உபயோகமே அதன் அடிப்படையும் அளவும் எல்லையும் என்று சொல்கிறது. 1937-லும் 1945-லும் 1983-லும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே திசையில் பேசியிருக்கிறது. ஆனாலும் அந்தப் பதில் வந்த பிறகுதான் 2011-ல் ஃபெடரல் சர்க்யூட் பழைய தீர்ப்புகளை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஒப்பந்தக் கோரிக்கை பற்றியும் ஒரு திருத்தம் சொன்னது: சட்டம் குறுக்கே வந்தது என்று சொன்னால் மட்டும் போதாது, ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாமல் போயிற்று என்று அரசு நிரூபிக்க வேண்டும்.

மூன்றாவது விஷயத்தை, அதாவது ஒப்பந்தச் சொற்களை, நில உடைமையாளர்கள் குறைத்து மதிப்பிடக் கூடாது. வறட்சியாலோ வேறு காரணங்களாலோ பற்றாக்குறை வந்தால் அமெரிக்க அரசு பொறுப்பல்ல என்ற ஷரத்து கிளாமத் ஒப்பந்தங்கள் பலவற்றில் இருந்தது. வேறு காரணங்கள் என்ற அந்த இரண்டு சொல் எதுவரை நீளும் என்பதே தனிச் சண்டை ஆயிற்று. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வாசகம் மாறியதால், ஒரே வாய்க்காலில் அக்கம்பக்கத்து வயல்காரர்களின் சட்ட நிலையும் மாறியது. சிலருடைய கோரிக்கை அந்தச் சொற்களாலேயே அடைபட்டது. மாவட்டம் கையெழுத்திட்ட ஒரு ஷரத்து, அதைப் படித்தே இராத நிலக்காரரைக் கட்டிப்போடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

பெரிய வெற்றி, அடுத்து பெரிய தோல்வி

அலெக்ரா 2015-ல் காலமானார். வழக்கு நீதிபதி மேரியன் பிளாங்க் ஹார்னிடம் போனது. 2016 டிசம்பரில் அவர் விவசாயிகளுக்குச் சாதகமாக ஒரு முக்கிய முடிவெடுத்தார். அரசு இங்கே செய்தது வெறும் கட்டுப்பாடு விதித்தல் என்று பார்ப்பதா, சொத்தை நேரடியாக எடுத்துக்கொண்டது என்று பார்ப்பதா? கட்டுப்பாடு என்றால் பொருளாதாரப் பாதிப்பு, எதிர்பார்ப்பு என்று பலதையும் எடைபோட வேண்டும். அதில் சொத்துக்காரர் வெல்வது அபூர்வம். நேரடி எடுப்பு என்றால் ஏறக்குறைய தானாகவே இழப்பீடு வரும். வாய்க்காலுக்கு வர வேண்டிய தண்ணீரை ஏரியிலும் ஆற்றிலும் நிறுத்தி வைத்தது நேரடி எடுப்பாகவே ஆராயப்படும் என்றார் ஹார்ன். விவசாயிகள் தரப்பில் அன்றைக்கு நம்பிக்கை உச்சத்தில் இருந்திருக்கும்.

2017 தொடக்கத்தில் விசாரணை நடந்தது. செப்டம்பர் 29 அன்று வந்த தீர்ப்பு, அந்தத் தண்ணீர் முதலில் யாருடையதாக இருந்தது என்பதற்குத் திரும்பிப் போனது.

அமெரிக்க மேற்கு மாநிலங்களின் நீர்ச் சட்டம் முறைவரிசைச் சட்டம். முதலில் தண்ணீரை எடுத்தவருக்கு முதல் உரிமை. பஞ்ச காலத்தில் பங்கு போடுவது கிடையாது. மூத்தவர் முழுவதும் எடுத்த பிறகே இளையவருக்கு. கிளாமத் திட்டத்தின் தேதி 1905. கிளாமத், மோடோக், யாஹூஸ்கின் பழங்குடி மக்கள் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்த ஆண்டு 1864. இரண்டு கோடி ஏக்கருக்கு மேல் விட்டுக்கொடுத்து, மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். 1954-ல் நாடாளுமன்றம் அவர்களுடைய பழங்குடித் தகுதியையே ரத்து செய்தது. ஒதுக்கீட்டு நிலம், அதாவது அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பகுதி, போயிற்று. ஆனால் மீன் உரிமையும் அதற்கான நீர் உரிமையும் போகவில்லை, அவற்றின் தேதி நினைவுக்கெட்டாத காலம் என்று 1983-ல் ஒன்பதாவது சர்க்யூட் சொல்லியிருந்தது. ஆற்றின் கீழே கலிபோர்னியாவில் வாழும் யூரோக், ஹூப்பா பள்ளத்தாக்கு மக்களின் ஒதுக்கீடுகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

பழங்குடி மக்கள் 1905-க்கு மூத்தவர்கள். 2001-ல் ஏரியிலும் ஆற்றிலும் நிறுத்திய தண்ணீர் அவர்களுடைய மீனுக்கு உரிய தண்ணீர். ஆகவே விவசாயிகளுக்கு அந்த ஆண்டு சேர வேண்டியது என்று ஒன்றுமே இருக்கவில்லை. இல்லாததை அரசு பறித்ததாகச் சொல்ல முடியாது. இதுதான் ஹார்னின் முடிவு. 2019 நவம்பர் 14 அன்று ஃபெடரல் சர்க்யூட் இதை உறுதி செய்தது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது.

விவசாயிகளின் எதிர்வாதங்களில் வலுவானது இது: பழங்குடி உரிமை எவ்வளவு என்று யாரும் அளந்து முடிக்கவில்லை, பணியகம் நிறுத்தியது உயிரினச் சட்டத்துக்காக, பழங்குடியினருக்காக அல்ல, இரண்டின் அளவும் ஒன்றென்று எப்படிச் சொல்கிறீர்கள்? நீதிமன்றத்தின் பதில், கூட்டாட்சி ஒதுக்கீட்டு உரிமை (ஒதுக்கீட்டோடு சேர்ந்து பழங்குடியினருக்கு வரும் நீர் உரிமை) இருப்பதற்கு முன்கூட்டியே அளவு தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை என்பது. மீன் இனம் அழியாமல் இருக்கத் தேவையான அளவு, மீன்பிடி உரிமை உள்ளவர்களுக்குச் சேர வேண்டிய குறைந்தபட்சம். அதைவிடக் கூடுதலாகக் கேட்கவும் அவர்களுக்கு இடமிருக்கலாம். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மீனே இல்லாத ஆற்றில் மீன்பிடி உரிமைக்கு ஒரு பொருளும் கிடையாது. 2002-ல் விவசாயத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். செப்டம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில், குறைந்து சூடேறிய தண்ணீரில் நோய் பரவி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சால்மன்கள் செத்து மிதந்தன. யூரோக் மக்களுக்கு அது 2001-க்குக் குறையாத இழப்பு. அதற்கு இழப்பீட்டுச் சட்டத்தில் எந்தத் தலைப்பும் இல்லை.

தீர்ப்பு சட்டப்படி சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது அரசைச் சேர்ந்தது. 1864-ல் ஒரு மக்களிடம் வாக்குக் கொடுத்த அரசு, 1905-ல் அதே தண்ணீரைக் காட்டி வேறு மக்களைக் குடியேற அழைத்தது. அழைத்தபோது மூத்த உரிமை பற்றி யாரும் தெளிவாகச் சொன்னதாகத் தெரியவில்லை. முதல் தரப்பின் மீன் குறைந்தது, இரண்டாம் தரப்பின் பயிர் கருகியது. இரண்டு வாக்கையும் கொடுத்தவர் எதற்கும் பணம் கட்டவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முறைவரிசைக் கேள்வியை 2001-லேயே எடுத்திருக்கலாம். சொத்து இருக்கிறதா என்ற கேள்விக்கே பத்தாண்டு போனது. சொத்து இருந்தாலும் அது வரிசையில் எத்தனையாவது என்று பார்த்திருந்தால், அந்தக் காலத்தையும் வழக்குச் செலவையும் பேச்சுவார்த்தைக்குச் செலவிட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு

2013-ல் ஒரிகன் மாநிலம், 1975-ல் தொடங்கிய நீர் உரிமைத் தீர்மானிப்பில் (யாருக்கு எவ்வளவு நீர், எந்தத் தேதியிலிருந்து என்று வரையறுக்கும் நடைமுறை) தன் நிர்வாக உத்தரவை வெளியிட்டது. அதில் கிளாமத் பழங்குடியினரின் உரிமை நினைவுக்கெட்டாத காலத்தது என்றும் திட்டத்தின் உரிமை 1905 என்றும் பதிவானது. 2021-ல் மீண்டும் வறட்சி, ஏ-கால்வாய் திறக்கப்படவில்லை. அதற்கு முன்பே, 2019-ல், பாசன மாவட்டங்கள் பணியகத்தின் இயக்க முறையையே எதிர்த்து வழக்குத் தொடுத்திருந்தன. 2022 செப்டம்பரில் ஒன்பதாவது சர்க்யூட் அதைத் தள்ளியது. பழங்குடி அரசுகள் இந்த வழக்கில் இருந்தே தீர வேண்டிய தரப்புகள். அவர்களுடைய இறையாண்மை விலக்கால் அவர்களை இழுத்து வர முடியாது. அவர்கள் இல்லாமல் வழக்கை நடத்தவும் முடியாது என்பது காரணம்.

2023-லும் 2024-லுமாக ஆற்றின் குறுக்கே இருந்த நான்கு நீர்மின் அணைகள் இடித்து அகற்றப்பட்டன. அவை பாசனத்துக்குத் தண்ணீர் தந்தவை அல்ல. லிங்க் ரிவர் அணையும் ஏ-கால்வாயும் அப்படியே இருக்கின்றன. 2024 அக்டோபரில், 1912-க்குப் பிறகு முதல்முறையாக, சின்னூக் சால்மன் ஒரிகன் எல்லையைத் தாண்டி மேலே வந்ததை மாநில உயிரியலாளர்கள் பார்த்தார்கள். சால்மன் மேல் கிளாமத் ஏரிவரை நிலையாக வரத் தொடங்கினால், பாசன வாய்க்கால்களில் மீன் தடுப்பு வலைகளுக்கு யார் செலவு செய்வது, ஏரி மட்டம் யாருடைய மீனுக்காக நிர்ணயிக்கப்படும் என்ற கேள்விகள் பாசன மாவட்டங்களின் மேசைக்கு வரும். யூரோக், ஹூப்பா மக்களின் உரிமை இத்தனை ஏக்கர்-அடி என்று எந்தத் தீர்மானிப்பும் இன்னும் எண்ணில் எழுதவில்லை. மாவட்டங்கள் அடுத்து கையெழுத்திடும் எந்த ஒப்பந்தமும் அந்த எழுதப்படாத எண்ணுக்குக் கட்டுப்பட்டதாகவே இருக்கும்.